போயா, பொங்கல், பெருநாள்: இலங்கையின் விடுமுறை நாள்களை நீங்களே கணிப்பது எப்படி

இலங்கையில் ஒரு சாதாரண ஆண்டுக்கு 25 பொது விடுமுறைகள். அவற்றில் திகதி மாறாதவை மூன்றே மூன்று: பெப்ரவரி 4, மே 1, டிசம்பர் 25. மற்ற 22 நாள்களும் ஆண்டுக்கு ஆண்டு நகரும். எல்லாம் ஒரே மாதிரி நகர்வதும் இல்லை. கல்யாண மண்டபம் பதிய வேண்டும், கடைக்கு ஆள் ஒழுங்கு செய்ய வேண்டும், கனடாவிலிருந்து வருபவருக்கு விமானச்சீட்டு எடுக்க வேண்டும் என்றால், வர்த்தமானி வரும்வரை காத்திருக்க முடியாது. முன்கூட்டியே ஓரளவு சரியாகக் கணிக்கலாம். அதற்கு ஒவ்வொரு விடுமுறையின் திகதியையும் யார், எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

ஒரு வெற்றுத்தாளில் ஐந்து பகுதி கீறுங்கள். முதலாவது, திகதி மாறாத மூன்று. இரண்டாவது, சூரியனை வைத்து வருபவை: தைப்பொங்கல் ஒரு நாள், புத்தாண்டும் அதற்கு முந்திய நாளுமாக இரண்டு நாள். மூன்றாவது, திதியை வைத்து வருபவை: பன்னிரண்டு போயா (பௌத்தர்களின் பூரணை நாள்; ஒவ்வொன்றுக்கும் வெசாக், பொசன் என்று தனிப் பேர் உண்டு), வெசாக்கின் மறுநாள், மகா சிவராத்திரி, தீபாவளி. நான்காவது, பிறை கண்டு வருபவை: நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், மீலாத். ஐந்தாவது பகுதியில் புனித வெள்ளி மட்டும் தனியாக நிற்கும். கூட்டிப் பார்த்தால் 3, 3, 15, 3, 1. இருபத்தைந்து சரி.

போயா எப்படி வந்தது, எப்படிக் கணிப்பது

பட்டியலில் பாதியைப் பிடிப்பது போயாதான். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம். பிரித்தானியர் ஆட்சியில் வார ஓய்வு ஞாயிறு, பெருநாள் நத்தார். பௌத்தர்களுக்கென்று அரசாங்க விடுமுறை இல்லை. 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு அன்று கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் ஒன்று தாக்கப்பட்டுக் கலவரம் மூண்டது. நியாயம் கேட்டுப் பௌத்தர்கள், தங்களுக்கு ஆதரவாக நின்ற அமெரிக்கரான கேணல் ஒல்கொட்டை 1884இல் லண்டனுக்கு அனுப்பினார்கள். அவர் கொண்டுபோன கோரிக்கைகளில் வெசாக் விடுமுறையும் ஒன்று. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அதை ஏற்க, 1885 ஏப்ரல் 28 முதல் வெசாக் விடுமுறை ஆயிற்று. இன்று காணும் பௌத்தக் கொடியும் அன்றுதான் முதலில் ஏறியது.

அடுத்த படி இன்னும் துணிச்சலானது. 1966இல் டட்லி சேனநாயக்க அரசாங்கம் சனி, ஞாயிறு ஓய்வையே எடுத்துவிட்டு, அமாவாசை, பூரணை, இரண்டு அட்டமி என்று மாதத்துக்கு நான்கு போயாவையும் அவற்றுக்கு முந்திய அரை நாள்களையும் வார ஓய்வாக்கியது. கேட்க அழகாக இருக்கும். கணக்குத்தான் இடித்தது. சந்திர மாதம் 29.53 நாள், நாலால் பிரித்தால் 7.38. ஆகவே சில வாரம் ஏழு நாள், சில வாரம் எட்டு நாள். லண்டனில் திங்கட்கிழமை வேலை நடக்கும்போது கொழும்பில் போயா. கொழும்பு திறக்கும்போது அங்கே ஞாயிறு. வங்கிக்கும் துறைமுகத்துக்கும் ஏற்றுமதிக்காரருக்கும் இது தீராத தலையிடி. 1971இல் சனி, ஞாயிறு திரும்பி வந்தன. அந்த ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைகள் சட்டம் பூரணைப் போயாவை மட்டும் விடுமுறையாக வைத்துக்கொண்டது. இன்றைய பட்டியல் நிற்பது அந்தச் சமரசத்தின் மேல்தான்.

இனிக் கணக்கு. இந்த ஆண்டுப் போயாத் திகதியிலிருந்து 11 நாள் கழித்தால் அடுத்த ஆண்டின் அதே போயா, ஒரு நாள் முன்பின்னாகக் கிடைக்கும். பன்னிரண்டு சந்திர மாதத்துக்கு 354 நாள்தானே, சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைவு. வெசாக் 2024இல் மே 23, 2025இல் மே 12. பொசன் 2024இல் ஜூன் 21, 2025இல் ஜூன் 10. இதே கணக்கு தீபாவளிக்கும் பொருந்தும்: 2024இல் ஒக்டோபர் 31, 2025இல் ஒக்டோபர் 20.

இப்படியே கழித்துக்கொண்டு போனால் சில ஆண்டில் வெசாக் மாசி மாதத்துக்குப் போய்விடும். அதைத் தடுக்கத்தான் ஏறக்குறைய இரண்டே முக்கால் ஆண்டுக்கு ஒரு தடவை அதிமாதம், அதாவது கூடுதலாக ஒரு சந்திர மாதம், சேர்க்கிறார்கள். அந்த ஆண்டில் 13 போயா, 26 விடுமுறை. அதிமாதத்துக்குப் பிறகு வரும் போயாக்களுக்கு 11 கழிக்காமல் 18 அல்லது 19 கூட்ட வேண்டும். 2023 மே 5இல் இருந்த வெசாக் 2024இல் மே 23க்குத் தாவியது இதனால்தான். 2023இல் ஜூலை 3 'அதி எசல', ஓகஸ்ட் 1 'எசல', ஓகஸ்ட் 30 'நிக்கினி'. எந்த மாதத்தை அதிமாதம் என்று வைப்பது என்பதில் மட்டும் நீங்கள் கை வைக்காதீர்கள். பூரணை எந்த நாள் என்பதை வானம் சொல்லும். அதற்கு வெசாக் என்று பேர் வைப்பதா பொசன் என்று வைப்பதா என்பதைக் கணிதரும் மகாசங்கத்தினரும்தான் சொல்ல வேண்டும்.

பேர் ஏன் முக்கியம் என்றால், கூட்டம் பேரைப் பார்த்துத்தான் சேரும். துருத்துப் போயாவுக்குக் களனி, நவம் போயாவுக்குக் கொழும்பு கங்காராமை, பொசனுக்கு மிகிந்தலையும் அநுராதபுரமும். பொசன் கிழமையில் வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போகிறவர்கள் அநுராதபுர நெரிசலைக் கணக்கில் எடுத்தே புறப்பட வேண்டும். பக் போயா, புத்தர் இரண்டாம் முறை நாகதீபம் வந்ததாகச் சொல்லப்படும் நாள். நாகதீபம் என்றால் நம் நயினாதீவுதான். நாகபூஷணி அம்மனைக் கும்பிடப் போகிறவர்களும் விகாரைக்குப் போகிறவர்களும் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரே வரிசையில் நிற்பார்கள். இன்னொன்று: கண்டி யானை ஊர்வலத்துக்கு எசல பெரஹெரா என்று பேர் இருந்தாலும் அது முடிவது நிக்கினிப் போயாவை ஒட்டித்தான். பேரை நம்பி எசலப் போயாவுக்கு அறை பதிந்தால், யானை ஒன்றையும் காணாமல் திரும்ப வேண்டிவரும்.

போயா அன்று மதுக்கடை, இறைச்சிக்கடை பூட்டு. ஹோட்டல்களிலும் மது பரிமாறமாட்டார்கள். வெசாக்குக்கு இரண்டு நாளும் அப்படியே. கல்யாண வரவேற்பு, நிறுவன விருந்து வைக்கிறவர்கள் மண்டபத்துக்கு முற்பணம் கட்டுமுன் இதைப் பார்க்க வேண்டும். மெனுவில் ஆட்டிறைச்சி இருந்தால் முதல்நாளே வாங்கி வைக்க வேண்டும்.

சூரியனை வைத்து வரும் மூன்று நாள்

புத்தாண்டு என்பது சூரியன் மேட ராசிக்குள் நுழையும் நேரம். இது ஆண்டுதோறும் ஏறத்தாழ ஆறே கால் மணிநேரம் பிந்தும். லீப் ஆண்டில் திகதி ஒரு நாள் முந்தும். அரச சுபநேரப் பட்டியலை வரிசையாகப் பாருங்கள்: 2022இல் ஏப்ரல் 14 காலை 8.41, 2023இல் 14 பிற்பகல் 2.59, 2024 லீப் ஆண்டு என்பதால் 13 இரவு 9.05, 2025இல் 14 அதிகாலை 3.21. 2024இல் விடுமுறை ஏப்ரல் 12, 13 ஆனதும் இதனால்தான். நாலு ஆண்டுக்கு ஒரு தடவை இந்தக் கூத்து நடக்கும். '13, 14 தானே' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவர்கள் லீப் ஆண்டில்தான் மாட்டுப்படுவார்கள்.

சிங்கள வழக்கில் புண்ணிய காலம், நுழையும் நேரத்துக்கு முன்னும் பின்னும் 6 மணி 24 நிமிடமாக மொத்தம் 12 மணி 48 நிமிடம். அந்த நேரத்தில் அடுப்பு எரியாது, வேலை நடக்காது. தமிழ் வீடுகளில் விஷு புண்ணிய காலத்தில் மருத்துநீர் வைத்துக் குளிப்பது முக்கியம். நமக்குள்ளேயும் வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் வேறொரு நேரம் சொல்லும். விடுமுறைத் திகதிக்கு இது பெரும்பாலும் பிரச்சினை இல்லை. கைவிசேட நேரம் குறிப்பதற்கு, உங்கள் கோயில் எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தைப்பொங்கல் 14 அல்லது 15 ஜனவரி. சூரியன் மகரத்துக்குள் இரவில் நுழைந்தால் மறுநாள் பொங்கல். இரண்டையும் பென்சிலால் குறித்து வையுங்கள்.

பிறை: எவ்வளவு முன்னதாகத் தெரியும்

ஹிஜ்ரி ஆண்டில் அதிமாதம் கிடையாது. ஆகவே 11 நாள் கழிப்பது மட்டும்தான், கூட்டுவது இல்லை. ஏறக்குறைய 33 ஆண்டில் பெருநாள் எல்லா மாதத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். 2033இல் ஜனவரியில் ஒரு நோன்புப் பெருநாளும் டிசம்பரில் இன்னொன்றும் வரும்.

கணக்கு எளிது, உறுதி சொல்வதுதான் கடினம். மாதத்தின் 29ஆம் நாள் மாலையில் பிறை தெரிந்தால் மறுநாள் புது மாதம். தெரியாவிட்டால் முப்பதைப் பூர்த்தி செய்வார்கள். இலங்கையில் கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடி, அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் சேர்ந்து அறிவிப்பார்கள். இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. மூன்று விடுமுறைக்கும் முன்னறிவிப்பு ஒரே அளவு இல்லை. நோன்புப் பெருநாள் ஷவ்வால் முதல் நாள். ஆகவே முதல்நாள் இரவுதான் உறுதி. ஹஜ்ஜுப் பெருநாள் துல்ஹஜ் 10; பிறை கண்டபின் ஒன்பது, பத்து நாள் கையில் இருக்கும். மீலாத் றபீஉல் அவ்வல் 12. இன்னும் இரண்டு நாள் கூடுதல். எனவே நோன்புப் பெருநாளை ஒட்டி மட்டும், முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் வெறுமையாக விடுங்கள். அந்த நாளில் நேர்முகத் தேர்வோ சரக்கு இறக்குவதோ வைக்காதீர்கள். மற்ற இரண்டுக்கும் அவ்வளவு பயம் வேண்டாம். சவூதியில் பெருநாள் அறிவித்துவிட்டார்கள் என்ற செய்தியை வைத்து இலங்கைத் திகதியை எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

புனித வெள்ளி: காகிதத்தில் போடும் கணக்கு

மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பூரணைக்கு அடுத்த ஞாயிறு உயிர்த்த ஞாயிறு. அதற்கு இரண்டு நாள் முன் புனித வெள்ளி. ஆனால் திருச்சபை பார்ப்பது வானத்துப் பூரணையை அல்ல, 19 ஆண்டுச் சுழற்சியில் எழுதி வைத்த அட்டவணைப் பூரணையை. 1900 முதல் 2099 வரை இப்படிக் கணிக்கலாம். 2028ஐ எடுப்போம்.

ஆண்டை 19ஆல் வகுத்து மீதியை எடுங்கள்: 2028க்கு 14. அதை 11ஆல் பெருக்கி 225இலிருந்து கழியுங்கள்: 225 − 154 = 71. விடை 50க்கு மேல் இருந்தால், 50 அல்லது அதற்குக் கீழே வரும்வரை முப்பது முப்பதாகக் கழியுங்கள்: 41. அது 48க்கு மேல் நின்றால் ஒன்று குறைக்க வேண்டும், இங்கே தேவையில்லை. இந்த 41தான் மார்ச் முதலாம் திகதியிலிருந்து எண்ணிய அட்டவணைப் பூரணை, அதாவது ஏப்ரல் 10. இனி ஆண்டு, ஆண்டின் காற்பங்கு (பின்னம் விட்டு), இந்த 41, ஒன்று எல்லாவற்றையும் கூட்டுங்கள்: 2028 + 507 + 41 + 1 = 2577. ஏழால் வகுத்தால் மீதி 1. கடைசியாக 41 + 7 − 1 = 47. 31க்கு மேல் என்பதால் 31ஐக் கழித்தால் ஏப்ரல் 16. உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 16, புனித வெள்ளி ஏப்ரல் 14. வானத்தில் அந்த மாதப் பூரணை ஏப்ரல் 9ஐ ஒட்டி வரும், போயாவும் அங்கேதான். அட்டவணை ஒரு நாள் தள்ளி நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது.

இப்போது அந்த மாதத்தைச் சேர்த்துப் பாருங்கள். 2028 லீப் ஆண்டு. 2024இன் அதே முறையில் போனால் புத்தாண்டு விடுமுறை ஏப்ரல் 12 புதன், 13 வியாழன். 14 வெள்ளி புனித வெள்ளி. பிறகு சனி, ஞாயிறு. தொடர்ந்து ஐந்து நாள் வங்கி பூட்டு. அதற்கு முந்திய சில நாளுக்குள் பக் போயா. ஏப்ரல் 11 பிற்பகல் போட்ட காசோலை 17ஆம் திகதி திங்களுக்கு முன் அசையாது. சம்பளம், வாடகை, சீட்டுப் பணம் எல்லாவற்றையும் 10ஆம் திகதிக்குள் முடிக்க வேண்டிய மாதம் அது. வர்த்தமானி வந்ததும் ஒருதடவை சரிபார்த்தால் போதும்.

மாறாத மூன்றும் சிலவேளை மாறும்

பெப்ரவரி 4 என்பது 1948இன் சுதந்திரம். நத்தார் குடியேற்ற ஆட்சி விட்டுச் சென்றது. மே தினம் 1956இல் பண்டாரநாயக்க அரசாங்கம் வந்தபின் விடுமுறையானது. மூன்றிலும் ஆட்டம் காணக்கூடியது மே தினம், ஏனென்றால் அது வெசாக்குக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறது. 2018இல் வெசாக் ஏப்ரல் 29, 30. வெசாக் வாரத்தில் ஊர்வலமும் ஒலிபெருக்கியும் வேண்டாம் என்று மகாநாயக்க தேரர்கள் கேட்க, அரசாங்கம் மே தின விடுமுறையை மே 7க்கு மாற்றியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. தொழிலாளர் நாளை நகர்த்தலாம், வெசாக்கை நகர்த்த முடியாது என்பதில் இந்நாட்டின் விடுமுறைப் பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்பது தெளிவாகவே தெரிந்தது. ஆகவே வெசாக் ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோ விழும் ஆண்டுகளில் மே 1க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

எந்த விடுமுறை யாருக்கு

கலண்டரில் ஒவ்வொரு திகதிக்கும் பக்கத்தில் சின்னச் சின்ன அடையாளங்கள் இருக்கும்: பொது, வங்கி, வர்த்தகம். இதைப் பார்க்காமல் திகதியை மட்டும் பார்ப்பதுதான் கடைக்காரர்களும் புதிதாக நிறுவனம் தொடங்கியவர்களும் விடும் பெரிய பிழை. அரசாங்க ஊழியருக்கும் வங்கிக்கும் 25ம் உண்டு. கடை, அலுவலக ஊழியருக்கு வர்த்தக விடுமுறைகள்தான்: தைப்பொங்கல், சுதந்திர தினம், புத்தாண்டும் முந்திய நாளும், மே தினம், வெசாக், மீலாத், நத்தார் போன்றவை. தீபாவளி அதில் இல்லை. சிவராத்திரி, புனித வெள்ளி, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் எதுவும் இல்லை. தமிழ்க் கடையில் வேலை செய்யும் பிள்ளைக்கும் சட்டப்படி தீபாவளி வேலைநாளே. முதலாளி மனம் வைத்துப் பூட்டினால் உண்டு. இது திருத்தப்பட வேண்டிய குறை என்பது எங்கள் எண்ணம்.

சம்பளக் கணக்கிலும் வித்தியாசம் உண்டு. போயா அன்று ஊழியரை வேலைக்கு அழைத்தால் அந்நாள் சம்பளம் ஒன்றரை மடங்கு. வர்த்தக விடுமுறையில் அழைத்தால் இரட்டைச் சம்பளம், அல்லது ஆண்டு முடியுமுன் சம்பளத்தோடு ஒரு மாற்று நாள். இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுக் கணக்கு எழுதுவதால் பிறகு தொழிற் திணைக்களத்தில் போய் நிற்பவர்கள் உண்டு.

கைபேசியை நம்புகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. கலண்டர் செயலியில் நாடு இந்தியா என்று இருந்தால் போயா ஒன்றுமே வராது. பஞ்சாங்கச் செயலியில் இடம் ரொறன்ரோ என்று இருந்தால் திதி அங்கத்தைய நேரத்துக்குக் கணிக்கப்பட்டு, பூரணை ஒரு நாள் முந்திக் காட்டக்கூடும். நாட்டையும் இடத்தையும் இலங்கைக்கு மாற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிற வீடென்றால் இன்னொரு தாளும் தேவை. நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகள் மூடியிருக்க, தமிழ், சிங்களப் பாடசாலைகள் நடக்கும். அதனால் தவணைத் திகதிகளும் வேறுபடும். கல்வி அமைச்சின் சுற்றறிக்கையைத் தனியாக எடுத்து, விடுமுறைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.